பலெர்மோவுக்குப் போன இரண்டு சீற்றுக் கார்

என் மனைவி பெர்னடெற்றின் தம்பி அருள்நேசனைப் பற்றி இலண்டன் நோர்பரியில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு “ஆள் தங்கம்” என்பார்கள். இந்தச் சிரிப்பும் தங்கமும் எனக்கு எப்போதும் எரிச்சலைத்தான் தந்தன. அவ்வளவு தங்கமானவனுக்கு நாற்பது வயதுவரை ஏன் ஒரு பெண்ணும் சரிவரவில்லை என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.

மன்னாரில் பிறந்தவன். எண்பத்து நான்கில் இலண்டனுக்கு வந்து எங்கள் வீட்டு முன்னறையில் பெட்டியை வைத்தான். தோர்ன்டன் ஹீத்தில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இவன் லீவு நாளிலும் அந்தக் கராஜிலேயே கிடந்தான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. ஞாயிறு தேவாலயப் பூசைக்கு வரும்போது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்பான்.

மூன்று கலியாணம் பேசி மூன்றும் குழம்பின. முதற்பெண் கனடாக்காரனை முடித்துக்கொண்டாள். இரண்டாவது வீட்டாருக்கு மெக்கானிக் வேலை பிடிக்கவில்லை. மூன்றாமவள் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கி, பூச்செண்டோடு நின்ற இவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தன் சிறியதாயாரின் காதில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். பூச்செண்டை எங்கள் காரின் பின் சீற்றில் வைத்துவிட்டு அவன் முன் சீற்றில் ஏறி இருந்தான். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவனுக்குத்தான் கோபமே வரவில்லை.

அடுத்த மாதம் அவன் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இருபது வருடப் பழசு, கரும்பச்சை நிறம், மடக்குகிற துணிக்கூரை, இரண்டே இரண்டு சீற்று. தரையோடு தரையாகக் கிடக்கும். கராஜ் வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டதை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டி எழுப்பியிருந்தான். நோர்பரித் தமிழ்ச்சனம் அதற்குச் சோப்புப்பெட்டி என்று பெயர் வைத்தது. குடும்பம் இல்லாதவனுக்கு ரெண்டு சீற்றே கூடிப்போச்சு என்று ஒருவர் கடையில் வைத்துச் சொன்னார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து அவனிடம், “உனக்கு விசரோ?” என்று நானும் கேட்டேன்தான்.

தொண்ணூற்று மூன்றில் பலெர்மோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இத்தாலியின் தெற்கே, தீவில் இருக்கிற அந்த ஊரில் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. எல்லாரும் வீட்டுவேலை. பெண்ணின் பெயர் றோஸ்மலர், முப்பத்துமூன்று வயது. தாய் தகப்பன் இல்லை. பெரியம்மா லூர்தம்மாவோடு இருக்கிறாள். தொலைபேசியில் பேச்சு முடிந்தது. விசாக்களுக்கு அலைந்து அவற்றையும் எடுத்தோம். பெண்ணை எப்படி அனுப்புவது என்ற கதை வந்தபோது அருள்நேசன் அக்காவின் கையிலிருந்து போனைப் பறித்தான்.

“நான் காரோட வாறன். கூட்டிக்கொண்டு வாறன்” என்றான்.

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் சந்தோசம். மாப்பிள்ளை காரோடு வருகிறார் என்று பலெர்மோ முழுக்கப் பேச்சு. கார் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஆறு பேர் ஏறி, மடியில் இரண்டு பிள்ளையும் இருந்து போகிற பொருள். எத்தனை சீற்று என்று யார் கேட்பார்கள்? பெண்ணைக் கூட்டிவருவது என்றாலும் அப்படித்தான். தாலி கட்டாத பெண் தனியே வரமாட்டாள், கூட ஒரு ஆள் வரும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். அருள்நேசனுக்கு மட்டும் தெரியவில்லை. தானும் அவளும் கூரையைத் திறந்துவிட்டு ஐரோப்பாவைக் கடந்து வருவதை அவன் மனம் எத்தனையோ தடவை பார்த்துவிட்டது. அந்தப் படத்தில் பெரியம்மாவுக்கு இடம் இல்லை.

எங்களுக்காவது உறைத்ததா? பெர்னடெற் அந்த மற்றச் சீற்றில் பலெர்மோச் சொந்தங்களுக்கு மிளகாய்த்தூளும் பலகாரமும் அடுக்கி, விழாமல் இருக்க பெல்ற் வேறு போட்டுவிட்டாள்.

டோவரில் கப்பலேறிப் போனான். அக்கரையில் பிரான்சில் இறங்கினால் வீதியின் வலப்பக்கம் ஓட வேண்டும், இவனுடைய ஸ்டியரிங்கும் வலப்பக்கம். நெடுஞ்சாலையில் காசு கட்டுகிற கூண்டெல்லாம் இடப்பக்கச் சன்னலோடு இருக்கும். ஒவ்வொரு கூண்டிலும் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, காசைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிவந்து ஏறியிருக்கிறான். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்களாம். முன்னால் லொறி போனால் முந்தவும் ஏலாது. எதிரே வருவது இவனுக்குத் தெரியாது. மிளகாய்த்தூளுக்கும் சொல்லத் தெரியாது.

பலெர்மோவில் நாலு மாடி வீடு. பல்கனிகளிலெல்லாம் சனம். கார் வந்து நின்றதும் லூர்தம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, மிச்சக் கார் எங்கை?” என்று கேட்டார்.

தெருவே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அருள்நேசனுக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. முகம் செத்துப்போய், நிலத்தைப் பார்த்தபடி நின்றானாம்.

அன்று அந்த வீட்டில் பெரிய வழக்கு. கலியாணம் செய்யப் போகிறவர்கள்தானே, இருவரும் போகட்டும் என்றார்கள் சிலர். லூர்தம்மா மாட்டேன் என்றார். அப்படியானால் பெரியம்மாவும் பெண்ணும் பிளேனில் போகட்டும் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். ஊரில் பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய மனிசி, அதற்குள் ஏறி இருக்க ஏலாது என்றுவிட்டார். கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்.

“பிள்ளை பிளேனிலை போய் மாப்பிள்ளையின்ரை அக்கா வீட்டிலை நிக்கட்டும். நான் இவரோட இந்தக் காரிலை வாறன். லண்டனிலை இறங்கின பிறகுதான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன். பொம்பிளை எடுக்க ரெண்டு சீற்றோட வந்த மனிசன் நாளைக்குக் குடும்பத்தை எதிலை ஏத்துவார்?”

இப்படியாக மாப்பிள்ளையின் பக்கத்தில் பெண் இருக்க வேண்டிய இடத்தில், ஐம்பத்தெட்டு வயது லூர்தம்மா, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மடியில் செபமாலையோடு ஏறி இருந்தார். ஹீத்ரோவில் நாங்கள் போய் றோஸ்மலரைக் கூட்டிவந்தோம்.

வழியில் நடந்ததை அருள்நேசன் காசு போடும் பொதுப் போனில் துண்டு துண்டாகச் சொன்னான். எல்லாம் ஒப்பாரிதான். நேப்பிள்ஸில் பாதை பிழைத்து லூர்தம்மா மாமியைக் கலியாண ஊர்வலம் ஒன்றுக்குள் கொண்டுபோய் விட்டானாம். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் மழை பெய்ய, துணிக்கூரை பாதியில் இறுகி நின்றுவிட்டது. மாமி காருக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்தபடி வந்தாராம்.

“முடிஞ்சுது அத்தான். மனிசி என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாவே இல்லை. கூண்டுக்காரரோடதான் கதைக்கிறா” என்றான்.

உண்மைதான். இடப்பக்கம் இருந்ததால் கூண்டில் காசு கட்டுவது மாமியின் வேலையாகிவிட்டது. இத்தாலியில் அவர் கூண்டுக்காரர்களைப் பெயர் ஊர் விசாரித்து, மீதிக்காசை எண்ணிப் பார்த்துத்தான் விடுவார். லொறியை முந்த வேண்டுமென்றால் அவரே எட்டிப் பார்த்து, “பொறும்... பொறும்... இப்ப போம்” என்பார். நீங்கள் என்று தொடங்கியவர் அந்தப் “பொறும்” என்பதிலிருந்து, சொந்தக்காரரோடு பேசுகிற “நீர்” என்பதற்கு வந்துவிட்டதை இந்த மடையன் கவனிக்கவில்லை.

பிரான்சுக்குள் வந்ததும் லூர்து மாதாவிடம் போக வேண்டும் என்றார் மாமி. பெரிய சுற்று, லீவும் முடிகிறது. ஆனாலும் திருப்பினான். மெழுகுதிரி கொளுத்திவிட்டு மாமி வாங்கில் இருந்து அழுதாராம். தன் மகளுக்காக அழுதார். ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளையை நோர்வேக்கு ஒரு மாப்பிள்ளையிடம் தனியே அனுப்பினார்கள். விமான நிலையத்தில் அவன் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த மாதிரி இல்லை என்று சொல்லி, யாரோ நண்பனின் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் இன்றும் அங்கே முதியோர் விடுதியொன்றில் வேலை செய்கிறாள். கலியாணக் கதை எடுத்தால் போனை வைத்துவிடுவாள்.

“அதுதான் தம்பி, இந்தப் பிள்ளை போய் இறங்கிற இடத்திலை மாப்பிள்ளை நிக்கக்கூடாதெண்டு நினைச்சன்” என்றாராம்.

அருள்நேசன் ஹீத்ரோப் பூச்செண்டுக் கதையை அவருக்குச் சொன்னான். எங்களிடம்கூட அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. பிறகு சொன்னான்: “மாமி, நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் கோவிக்கமாட்டன். அவ திரும்பிப் போறதெண்டா நானே பத்திரமா அனுப்பிவைப்பன். ஒரு குறைவும் வராது.”

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து காரடிக்கு நடந்தார். கலேயில் கப்பலேறும்வரை செபமாலையை உருட்டியபடி வந்தார். அதைப் பார்த்துத்தான் இவன் நம்பிக்கையைக் கைவிட்டிருக்கிறான்.

இதற்கிடையில் றோஸ்மலர் எங்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. என் சமையலறை அடுப்பைக் கழற்றிக் கழுவிவிட்டாள். அதிகம் பேசாத பெண். ஒரு நாள் மட்டும் என்னிடம் கேட்டாள்.

“அண்ணை, அவருக்கு என்னைப் பிடிக்குமோ? அண்டைக்கு நான் சிரிச்சுப்போட்டன். அவர் என்னை நிமிந்தே பாக்கேல்லை.”

 ஆளுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு, ஒன்று இங்கே அடுப்பைக் கழுவுகிறது, மற்றது அங்கே கூண்டு கூண்டாக வந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அருள்நேசன் இறங்கினான், யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, குனிந்து இரண்டு கையாலும் மாமியைத் தூக்கி நிறுத்தினான். பிறகு சட்டென்று எங்கள் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மாமி கசங்கிய சேலையை ஆறுதலாக இழுத்துச் சரிசெய்து, தலைத்துணியை அவிழ்த்து, “சரி” என்றார். அதன் பிறகுதான் அவன் திரும்பினான். நேரே போய்க் காரின் கண்ணாடியில் செத்துக் கிடந்த பூச்சிகளைத் துணியால் துடைக்கத் தொடங்கினான். உள்ளே வரச் சொன்னேன். “நீங்கள் கதையுங்கோ அத்தான்” என்றான்.

பெர்னடெற் தேத்தண்ணி கொடுத்தாள்.  “என்ன மாதிரி, அன்ரி?” என்றாள்.

“நல்ல களைப்பு, பிள்ளை. முழங்கால் ரெண்டும் போச்சு. அந்தக் கார் மனிசர் ஏறுற கார் இல்லை.” ஒரு மிடறு குடித்தார். “இப்ப வாசலிலை அவர் திரும்பி நிண்டதைப் பாத்தனீங்களே? பலெர்மோவிலையிருந்து இஞ்சைமட்டும் அப்பிடித்தான். எனக்குக் கால் விறைக்கக்கூடாதெண்டு மணிக்கு ஒருக்கா நிப்பாட்டுவார். தூக்கி விட்டிட்டு மற்றப்பக்கம் திரும்பிடுவார். மழைக்கையும் அப்பிடித்தான், பின்னாலை லொறிக்காரன் கத்தேக்கையும் அப்பிடித்தான். நான் சரி எண்டு சொல்லாமல் ஒருக்காலும் திரும்பேல்லை. நான் ஒரு கிழவி. என்ரை சேலைக்கே இந்த மரியாதை.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு றோஸ்மலரைப் பார்த்தார்.

“எனக்கு ஓம். இனி நீதான் சொல்ல வேணும்.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். காருக்குப் பக்கத்தில் போய் நின்று, “நான் ஏறலாமோ?” என்று கேட்டாள்.

அருள்நேசன் துடைப்பதை நிறுத்தினான். கதவைத் திறந்து பிடித்தான். அவள் குனிந்து, தடுமாறி உள்ளே இருக்கும்போது, பழக்கதோசத்தில் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். 

“தம்பி,” என்றார் லூர்தம்மா படியில் நின்றபடி. “இனித் திரும்பிப் பாரும்.”