கடைசி வரியில் ‘மறைந்தான்’

அன்று வீட்டில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், ஒன்பதாம் மாதத்தில் என் தங்கை. வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் நான்கு பேர். என் கவலையெல்லாம் அந்த நான்காவது ஆளைப் பற்றித்தான். தங்கைக்குப் போன தடவை பாதியிலேயே கலைந்துபோனது. இந்தத் தடவை பிரஷர் வேறு கூடுதல். மனசு பதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தோம்.

அவளுக்குப் பொழுது போனது ஒரு தொடரால். சென்னையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவன். அவன் வண்டியில் முனியும் மோகினியும் மனுசரோடு மனுசராக நெருக்கி உட்கார்ந்து வேலைக்குப் போய் வருவார்கள். ஐந்து பாகப் புத்தகமாக வந்த கதை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து நான் படிப்பேன். அவள் டிவியில் பார்ப்பாள். பொறவு சண்டை.

“புஸ்தகத்துல மோகினி ரேசன் கடை வரிசையில நிக்கா. இவிய டிவில ஏன்டி மால்ல கொண்டு நிறுத்திருக்காவ?”

“ரேசன் கடைக்கு அம்புட்டு மல்லிப்பூ வச்சிட்டு எவக்கா போவா?”

“ரெண்டு பேரும் பேய்க்கு வக்காலத்து வாங்குங்க. எனக்குச் சோறு எப்போ?” என்பார் வீட்டுக்காரர்.

எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள் நான். வாசிப்பு மெதுவாகத்தான் ஓடும். பயந்த சுபாவம் என்பதால் எந்தக் கதையிலும் கடைசி வரியை முதலில் பார்த்துவிடுவேன். ஆள் உயிரோடு இருந்தால்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். ஐந்தாம் பாகத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘வண்டி நின்றது. அவன் மறைந்தான்.’

எனக்குத் தெரிந்த அந்தச் சொல் சுவரொட்டியில் இருப்பது. நடுவில் போட்டோ, மேலே கண்ணீர் அஞ்சலி. புத்தகத்தை மூடி அரிசி டிரம்முக்குள் போட்டேன். பையன் பிறந்தால் ஆட்டோக்காரன் பேர்தான் என்று தங்கை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். செத்தவன் பேரா? அதையும் அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா?

கடைசிப் பகுதி வருகிற அன்று, டிவிக்கு நெட் தரும் பெட்டியின் வயரை உருவிவிட்டேன். வீட்டுக்காரர் கண்டுபிடித்துத் திரும்பச் சொருகினார்.

“தன்னால கழண்டுச்சாக்கும்? மோகினி கழட்டுனாளோ?”

அடுப்படிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது.

“அவகிட்டச் சொல்லிப்புடு.”

“நீங்க சொல்லுங்க.”

இரண்டு பேரும் சொல்லவில்லை. அவளுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டோம். என் உள்ளங்கையில் பிரஷர் மாத்திரை.

சிக்னலில் வண்டி நின்றது. மோகினி கொடுத்த கயிற்றை அவன் மணிக்கட்டில் கட்டினான். டிரைவர் சீட் காலி. நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்ததும் வண்டி கிளம்பியது. காலி சீட்டிலிருந்து அவன் குரல்: “உள்ள தள்ளி ஒக்காருங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறணும்!”

தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“யக்கா, கைய விடு, வலிக்கி. ஒனக்கு ஏன் இப்படி வேர்த்திருக்கு?”

அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரிக்கு முந்தின பக்கத்தை அவள் சத்தமாகப் படித்தாள். அங்கேயும் அந்தக் கயிறு இருந்தது. கட்டியவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், அவ்வளவுதான்.

“ஏன்க்கா, சாயங்காலம் சூரியன் மறைஞ்சா செத்தா போச்சு?”

“ஒங்கக்கா அதுக்கும் பதினாறாம் நாள் காரியம் வப்பா” என்றார் வீட்டுக்காரர். அவர் குரலிலும் அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரஷர் இறங்கியிருந்தது. கூடப் போன எனக்கும் பார்த்தார்கள், எனக்குத்தான் ஏறியிருந்தது. பிரசவம் சுகமாக முடிந்து, பிள்ளை அழுத சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் ஐந்தாம் பாகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பயமில்லாமல் படித்த முதல் புத்தகம் அது. செத்த நேரம் படிப்பேன், செத்த நேரம் தொட்டிலைப் பார்ப்பேன். முடிக்க மனசே வரவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது வாடகை ஏறிக் கிடந்தது. கையிலிருந்ததைக் கொடுத்தேன். இன்னும் நாற்பத்தைந்து ரூபாய் பாக்கி.