செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு குரல்

2009இல் நடிப்புப் பள்ளியை முடித்தபோது என்னிடம் ஒரு பட்டமும், ஒரு கறுப்பு முகமும், சுவிஸின் பூம்ப்ளிஸ் தெருக்களில் விளையாடிப் பொறுக்கிய சுத்தமான பெர்ன் ஜெர்மன் பேச்சும் இருந்தன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நடிகர் தேர்வுக்குப் போனால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்வரை எல்லோருக்கும் சந்தோஷம். கண்ணைத் திறந்ததும், கொஞ்சம் வெளிநாட்டு உச்சரிப்போடு பேச முடியுமா என்பார்கள். அகதிக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் அதுதான் பொருந்துமாம். அப்பா காலமெல்லாம் உணவகச் சமையலறையில் பேசுகிற ஜெர்மனை நான் சம்பளத்துக்கு நடித்துக் காட்ட மாட்டேன் என்று வீம்பாக எழுந்து வந்துவிடுவேன். வீம்பை வைத்து வாடகை கட்ட முடியாது. ஆகவே வானொலி விளம்பரங்களுக்கும் கார்ட்டூன் அணில்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வழியில்தான் ஒரு ஜப்பானிய நடிகையின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தேன்.

அவரை முன்பே மேடையில் பார்த்திருந்தேன். டோக்கியோவில் இளம் வயதிலேயே மேடையேறியவர். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசப் பழகியவர். அங்கே சரித்திரப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பெயர் வாங்கியிருந்தார். பிறகு ஒரு சுவிஸ்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தார். கல்யாணம் நிலைக்கவில்லை, அவர் நிலைத்துவிட்டார். சோலோதுர்னிலும் பெர்னிலும் நாடகங்கள் கிடைத்தன. வேடங்களைத்தான் சொல்ல வேண்டும்: ஆவி, நிலா, ஊமை வேலைக்காரி, ஒருமுறை மரம். இயக்குநர்களுக்கு அவருடைய மௌனம் மிகவும் பிடித்திருந்தது. விமர்சகர்களும் அந்த மௌனத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். வாயைத் திறக்க மட்டும் யாரும் விடவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு சினிமாவில் கதாநாயகி வேடம் வந்தது. கைக்குழந்தையாக ஜப்பானிலிருந்து தத்தெடுக்கப்பட்டு, பெர்ன் மலைக் கிராமமொன்றில் வளர்ந்து, கணவன் செத்த பிறகு பண்ணையை விட்டுக்கொடுக்க மறுக்கிற பெண். படம் முழுக்கப் பேச்சு. மாதக்கணக்கில் அந்த மலைப் பேச்சைப் படித்து நடித்து முடித்தார். படத்தைத் தொகுத்துப் பார்த்த தயாரிப்பாளர்கள் பயந்துபோனார்கள். இந்த உச்சரிப்போடு இவள் இங்கே வளர்ந்தவள் என்றால் யார் நம்புவார்கள்? குரலை மட்டும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது, படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் வராது என்று ஒப்பந்தம். சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவரும் வந்தார். வரவேண்டிய அவசியமே இல்லை. எந்த இடத்தில் மூச்சு எடுத்தேன் என்று காட்ட வந்தேன் என்றார். கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து, தன் உதடுகளிலிருந்து என் குரல் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரியாகப் பொருத்தும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். எனக்கு வெட்கக்கேடாக இருந்தது. அழுகிற காட்சி வந்தபோது மட்டும் எழுந்து நின்று, அழுகைக்கு உச்சரிப்பு ஏது, அதையாவது என்னுடையதாக விட்டுவிடுங்கள் என்று கேட்டார். இரண்டு குரலும் ஒட்டாது என்று ஒலிப்பதிவாளர் சொன்னார். அதையும் நானே அழுதேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

படம் நன்றாக ஓடியது. அம்மாவும் அப்பாவும் என்னோடு பார்க்க வந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பயந்து அவர்களிடம்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. படம் தொடங்கிய சற்றுநேரத்தில் அம்மா இருட்டில் என் கையைப் பிடித்தார்.

"இது உன்ரை குரல் எல்லோ?"

வெளியே வந்ததும் அப்பா, பிள்ளையின்ரை குரல் கேட்டது, பிள்ளையைத்தான் காணேல்லை என்றார். பகிடிதான். ஆனால் அம்மா சிரிக்காமல் டிராம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

ஒரு நாள் அந்த நடிகை எனக்குப் போன் செய்தார். வேறொரு நகரத்தின் பெரிய நாடக அரங்கின் இயக்குநர் படத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தேர்வுக்கு அழைத்திருந்தார். ஒரு தாயின் வேடம். நாடகத்தில் பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். உங்களுடைய குரலை மறக்க முடியவில்லை என்று இயக்குநர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு, எனக்கு அந்தக் குரலைச் சொல்லிக்கொடு என்றார் அவர்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டு வரவேற்பறையில் பாடம் நடந்தது. நான் ஒரு வரி சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். என் குரல் மெல்லியது, மேலே நிற்பது. அவருடையது வயிற்றிலிருந்து வருவது. அதைத் தூக்கித் தூக்கித் தொண்டையில் வைக்கப் பார்த்து, குரல் கம்மிப்போனது. தேன் கலந்த வெந்நீரைக் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுடைய குரல்தான் நல்ல குரல், இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஒப்பந்தம் என்ன ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"உண்மையைச் சொன்னால் எனக்கு மறுபடியும் நிலாதான் தருவார்கள்" என்றார். "எனக்கு வயது போகிறது. சாவதற்குள் இந்த நாட்டு மேடையில் ஒருமுறையாவது பேச வேண்டும்."

நான் அடுத்த வரியைச் சொல்லிக்கொடுத்தேன்.

தேர்வுக்கு என்னையும் கூட்டிப்போனார். மகளின் வரிகளை யாராவது எதிரே வாசிக்க வேண்டும். ரயிலில் பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்தால் இயக்குநர் தேடுகிற குரல் என்னிடமிருந்து வந்துவிடும். அவரிடம் சொல்லிப் பதற வைக்க மனம் வரவில்லை. மேடையில் ஏறினோம். முதல் வரியை நான் அப்பாவின் ஜெர்மனில் சொன்னேன். ஒருவருக்கும் காட்ட மாட்டேன் என்றிருந்த அந்த ஜெர்மன், ஒத்திகை பார்த்ததுபோல வந்தது. வாசித்து முடிக்கும்வரை எனக்குக் காது சுட்டது.

அவர் என் குரலில் பேச முயன்றார். நாலு வரி போனது. ஐந்தாவதில் உடைந்தது. பிறகு எதுவும் என் குரலாகவும் இல்லை, அவருடையதாகவும் இல்லை. இயக்குநர் மென்மையான மனிதர். சளி பிடித்துவிட்டதா, தடிமனா என்று கேட்டார்.

ஆமாம், கடுமையான தடிமன் என்று அவர் சொன்னார்.

அப்படியானால் அவசரமில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார் இயக்குநர். என்னிடம் திரும்பி, உங்களுடைய உச்சரிப்பு மிக இயல்பாக இருக்கிறது, எங்களுக்கு ஒரு துப்புரவுப் பெண் தேவைப்படுகிறாள், நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். தடிமன் என்பதை அவர் உண்மையிலேயே நம்பினாரா, மரியாதைக்குத்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பரைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அதன்பின் அவர் பாடத்துக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தனியாகவே போயிருக்கிறார். அன்று பின்னேரம் ரயில் நிலையத்திலிருந்து அழைத்தார். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை யாரையும் பார்த்துச் செய்யவில்லை என்றார். டோக்கியோவில் பேசியதுபோல, வயிற்றிலிருந்து, தன்னுடைய உச்சரிப்போடு, கடைசி வரிசைக்குப் பேசினாராம். எல்லா வரியும் வந்ததாம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படிப் பேசியதே இல்லையாம். இயக்குநர் கடைசிவரை கேட்டாராம். பிறகு மேடைக்கு ஏறிவந்து அவருடைய கையைப் பிடித்தாராம்.

"பாவம், இன்னும் சுகமாகவில்லையே என்றார்" என்றார் அவர். "முழுதாகச் சுகமான பிறகு பார்ப்போமாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருடைய பெயரைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நீ பேசாதே" என்றார். "தயவுசெய்து இன்றைக்கு நீ பேசாதே."

நான் பேசவில்லை. அவர் போனை வைக்கவும் இல்லை. ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர் அழுதார், அந்த அழுகையை நான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.