பதினேழாம் எண் வீட்டில் பேண்ட் நிற்கவில்லை

பெரில் கிளெக் முப்பத்தோரு வருடமாக அடுத்தவர் உடம்பைத் துடைத்துப் பிழைத்தவள். ஹேகன்ஷா பஞ்சாலை மூடியதும் ஆறு வாரப் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கப் போனாள். புருஷன் ஸ்டான்லி ஊர் பேண்ட் வாத்தியக் குழுவில் நாற்பது வருடம் பெரிய குழல் ஊதியவன். ஒரு பனிக்காலத்தில் நெஞ்சடைத்துப் போனான். அழ ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். சீழ், மலம், குடித்துவிட்டு வந்து கத்தும் மகன்கள் எதற்கும் அவள் பயந்ததில்லை.

அறுபத்து மூன்றாவது வயதில் அவளைப் பயமுறுத்தியது நாலு பக்கக் காகிதம். அது நீதிமன்றத் தடையாணை. முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, மீறினால் சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல் என்று போட்டிருந்தது. நோயாளிக்குப் பெயரில்லை, இரண்டு எழுத்துதான். அவரையோ, தாயையோ, வீட்டையோ, பார்த்துக்கொள்பவர்களையோ அடையாளம் காட்டும்படி எதையும் யாரும் வெளியிடக் கூடாது. பத்திரிகைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

அந்த இரண்டு எழுத்து, பெரில் கவனித்துவந்த ஜோயெல் கிரீன்வுட். பேண்டில் கார்னெட் என்ற சின்னப் பித்தளைக் குழல் ஊதியவன். ஒன்பது வருடத்துக்கு முன் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அதிலிருந்து கண் திறக்கிறான், ஆனால் யாரையும் பார்ப்பதில்லை. வயிற்றுக் குழாய் வழியாகத்தான் உணவு. அதை நிறுத்திவிடலாம் என்று அம்மா லொரெய்ன் கேட்டாள். ஸ்பெயினில் போய்க் குடியேறிவிட்ட அப்பா கூடாது என்றார். ஆகவே வழக்கு நீதிபதியிடம் போயிற்று.

முந்தைய வருடம் வேறோர் ஊரில் இப்படியொரு வழக்கில் பெயர் கசிந்துவிட்டது. அந்தத் தாயின் கதவில் சிவப்புச் சாயத்தில் 'கொலைகாரி' என்று எழுதினார்கள். ஜன்னலை உடைத்தார்கள். லொரெய்ன் பெரிலிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஜட்ஜு என்ன சொன்னாலும் தாங்கிக்குவேன், பெரில். என் வாசல்ல மட்டும் யாரும் வந்து நிக்கக் கூடாது."

செவ்வாய்க்கிழமை பெரில் மாஞ்செஸ்டர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். வருடத்துக்கு ஒருமுறை, பெந்தெகொஸ்தே வாரத்து வெள்ளியன்று, பேண்ட் ஜன்னலுக்குக் கீழே நின்று வாசிக்கும்போது ஜோயெலின் மூச்சு நிதானமாகும் என்றாள். பேண்ட் என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று நிருபர்களிடம் நீதிபதி சொன்னார். அவர்களும் வெறுமே 'இசை' என்று எழுதினார்கள். தீர்ப்பு அடுத்த புதன்கிழமை.

அன்று ரயிலிறங்கியவள் நேரே வீட்டுக்குப் போகாமல் பேண்ட் அறைக்குப் போனாள். செயலாளர் வில்ஃப் தேநீர் கொடுத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேண்ட் அறையில் சொல்வதை ஹேகன்ஷாவில் யாரும் வெளியே சொன்னதாக நினைப்பதில்லை. ஸ்டான்லியின் தொப்பி இன்னும் அங்கேதான் ஆணியில் தொங்குகிறது.

அதே வாரம், பெந்தெகொஸ்தே வெள்ளிக்கிழமை நண்பகல், ஸ்டெல்லாவின் மீன் வறுவல் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சாயங்காலம் இருபது ஊர் பேண்டுகள் தெருத்தெருவாக வாசித்துப் போகும். பார்க்க ஆயிரம் வெளியாட்கள் வருவார்கள். கண்ணாடியில் வில்ஃப் அச்சடித்த நிகழ்ச்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சீக்காளிகளுக்கும் செத்தவர்களுக்கும் ஆளுக்கொரு மெட்டை அர்ப்பணித்து ஒரு வரி போடுவது அவர் வழக்கம். பெரில் மூன்றாவது வரியைப் படித்தாள்.

'நம்ம ஜோயெலுக்காக. வழக்கம்போல் அவன் ஜன்னலடியில். புதன்கிழமை நீதிபதி நல்லபடியாகச் சொல்லட்டும்.'

காதுக்குள் குப்பென்று அடைத்தது. மயக்கம் வருகிறவர்களை எப்படி உட்காரவைப்பது என்று அவளுக்குத் தெரியும். உட்காரத்தான் இடமில்லை. நோட்டீஸைக் கிழித்து எடுத்தாள்.

"ஏய், என் கண்ணாடி!" ஸ்டெல்லா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்ன பண்றே?"

"தப்பா அச்சடிச்சிருக்காங்க. மிச்சத்தையும் குடு."

"வில்ஃப் மூணு வருஷமா என் கடை பேரையே தப்பாத்தான் போடறாரு. அப்பல்லாம் எங்க போனே? சரி சரி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? மீன் வேணாமா?"

"வேணாம் கண்ணு."

எந்த வெள்ளிக்கிழமையும் மீன் வாங்காமல் போகாத பெரில் வேண்டாம் என்றதும் வரிசையே திரும்பிப் பார்த்தது.

பேண்ட் அறையில் வில்ஃப் குழல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மேஜை மேல் நோட்டீஸை வைத்து, பக்கத்தில் தடையாணையை வைத்தாள். அவர் கறுப்புக் கட்டத்தைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"ஜெயிலா? எழுபத்தெட்டு வயசுலயா? ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறவனம்மா நானு!"

"உங்களுக்கு முன்னாடி என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நான்தானே வாயைத் திறந்தேன். எத்தனை அடிச்சீங்க?"

"முந்நூறு. நல்லதுன்னுதான் நெனச்சேன், பெரில்."

"தெரியும். தொப்பியை எடுங்க, கிளம்புங்க."

கறிக்கடை, தபால் நிலையம், மதுக்கடை, தேவாலயத் தாழ்வாரம் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்காமல் கொடுக்கிறவன் படித்திருக்கிறான் என்று அர்த்தம். கறிக்கடைக்காரர் நோட்டீஸ் கட்டை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தராசையே பார்த்தார்.

தேநீர்க் கடையில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் இரண்டாவது வரிசையில் குறிப்பெழுதியவள். அவள் கோப்பைக்கடியில் நோட்டீஸ் நாலாக மடிந்து கிடந்தது.

கேட்டால், வழக்கில் இருப்பவன் ஜோயெல்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கேட்காவிட்டால் அது அவள் பையில் போகும். பெரில் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அந்தக் காகிதம் எனக்கு வேணும்."

"நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்த நிருபர். "நீங்க கோர்ட்ல பேண்டுன்னு சொன்னீங்க, எனக்கு மனசு கேக்கல. இந்த மலைப்பக்கம் பேண்ட் இருக்கற ஊருங்களைச் சும்மா சுத்திப் பார்க்கலாம்னு வந்தேன்."

"எழுதப் போறீங்களா?"

"எழுதினா எனக்கும் அதே கட்டம்தான், அம்மா. என் பொண்ணுக்குப் பரீட்சை வருது, நான் ஜெயிலுக்குப் போக முடியாது." நோட்டீஸை அவள் பக்கம் தள்ளினாள். "ஆனா நானே கண்டுபிடிச்சு வந்துட்டேன்னா மத்தவங்க வர மாட்டாங்களா? செவ்வாய்க்கிழமை கோர்ட் வாசல்ல, குழாயை நிறுத்தக் கூடாதுன்னு அட்டை பிடிச்சு நின்ன ரெண்டு பேர் இப்ப பஸ்ஸை விட்டு இறங்கினாங்க. பச்சைக் கோட்டு. பேண்ட் எந்த வீட்டு முன்னாடி நிக்குதோ அந்தப் பக்கம் எல்லாப் போனும் தூக்குவாங்க. இந்த வருஷம் எங்கயாச்சும் நிக்குமா?"

பெரில் நோட்டீஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மணி நாலரை. ஜோயெலைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். பயந்துகொண்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வரும். லொரெய்ன் தோளைப் பிடிக்க, பெரில் இடுப்பைப் பிடிக்க, இருவரும் அவனை இடப்பக்கமாகத் திருப்பினார்கள். தலையணையைச் செருகிவிட்டு பெரில் நடந்ததைச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

லொரெய்ன் கட்டிலைச் சுற்றி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் பெரில் நினைத்தாள்.

"ஒன்பது வருஷமா உன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன்."

"ஆமா."

"பேண்ட் ரூம்ல போயி! அந்தக் கிழவன்கிட்ட! அவன் நாய் சினையானதையே நோட்டீஸ்ல போட்டவன்!"

"ஆமா, லொரெய்ன்."

வெளியே முதல் வாகனங்கள் வந்து நிற்கும் சத்தம். யாரோ சிரித்தார்கள். லொரெய்னின் குரல் இறங்கிவிட்டது. "பேண்ட் நிக்க வேணாம்னு வில்ஃப்கிட்ட சொல்லிடு. ஒரு அடிகூட மெதுவாப் போக வேணாம்."

"ஜன்னலை மூடிடட்டுமா?"

"பைத்தியமா? இன்னிக்குத் தெருவுல ஒரு ஜன்னல் மூடியிருந்தா அதைத்தான் பார்ப்பாங்க. எப்பவும் போல இருக்கட்டும். நீ அந்த நீல வேலை உடுப்போட எட்டிப் பார்க்காதே."

ஆறரைக்கு ஹேகன்ஷா பேண்ட் தெருமுனையில் திரும்பியது. பெரில் மாடி அறைக்குள், ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். லொரெய்ன் படிக்கட்டில், கதவைப் பார்த்தபடி இருந்தாள். பெரிலின் ஒரு கை ஜோயெலின் விலாவில் இருந்தது, மறு கையில் கடிகாரம்.

கீழே, ஜன்னலுக்கு நேராக ஒரு ஆண் குரல் கேட்டது. "இந்தத் தெருதான்னு சொன்னாங்க. எங்க நிக்குதுன்னு பாரு."

பெரிய முரசு நெருங்கியது, கண்ணாடி அதிர்ந்தது. பதினைந்தாம் எண்ணைத் தாண்டியது. கார்னெட்டுகள் நேர் கீழே வந்தன. ஒன்பது வருடமாக அங்கே வந்ததும் நின்ற கால்கள். பழக்கத்தில் ஒரு கால் தயங்கினாலும் போதும். வில்ஃப் யாரிடம் என்ன சொன்னாரோ, ஒரு காலும் தயங்கவில்லை. முரசு கடந்தது. சத்தம் மளிகைக் கடைப் பக்கம் தேய்ந்தது.

"நிக்கவே இல்லையே" என்றது குரல்.

"அடுத்த தெருவோ என்னவோ. வா."

பச்சைக் கோட்டா இல்லையா என்று எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. செருப்புச் சத்தம் போனதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பேண்ட் வருவதற்கு முன் நிமிடத்துக்கு இருபத்திரண்டு மூச்சு. வரும்போது இருபத்திரண்டு. போன பிறகும் அதே. நின்று வாசித்திருந்தால் குறைந்திருக்குமோ, அது யாருக்கும் தெரியாது. தினக் குறிப்பில் அந்த எண்ணை அப்படியே எழுதினாள். புதன்கிழமைக்குள் அது நீதிபதியிடம் போகும்.

லொரெய்ன் மேலே வந்து கை நீட்டினாள். "எந்திரி. மறுபடியும் திருப்பற நேரமாச்சு."

திங்கட்கிழமை பெரில் லொரெய்னின் வக்கீலைக் கூப்பிட்டுத் தானே எல்லாவற்றையும் சொன்னாள். நீதிபதி அவளையும் வில்ஃபையும் எழுந்து நிற்கவைத்துப் பத்து நிமிடம் கடிந்துகொண்டார், அதோடு விட்டார். வில்ஃப் அன்றிலிருந்து நோட்டீஸில் மெட்டின் பெயரை மட்டும் போடுகிறார். குழாயை நிறுத்தலாம் என்று தீர்ப்பானது. ஜூலையில் ஜோயெல் போனான். அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டியது பெரில்தான்.

தடையாணை அவனோடு போகவில்லை. கல்லறைக் கல்லில் பெயர் இருக்கிறது, ஆனால் வழக்கோடு சேர்த்து அந்தப் பெயரை இன்றும் யாரும் எழுத முடியாது. முந்நூறு நோட்டீஸில் பதினெட்டு திரும்பி வரவேயில்லை. யாராவது அலமாரி ஒழிக்கும்போது அதிலொன்று கிடைத்து, போனில் படமெடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று பெரில் யோசிப்பதுண்டு. லொரெய்ன் வீட்டு மணி அடித்தால் இப்போதும் பெரில்தான் போய்த் திறக்கிறாள். முதலில் சங்கிலியைப் போட்டுக்கொள்வாள், பிறகு வந்தவர் கையில் காகிதமோ போனோ இருக்கிறதா என்று பார்ப்பாள்.