ஒஸ்லோவுக்குத் திருத்திய கதைகள்

புரியாத மொழியை அழகாகப் பக்கம் கட்டித் தருவதுதான் டி.டி.பி. ஆபரேட்டரின் பிழைப்பு. துபாய் கராமாவில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த வருஷங்களில் அரபி, உருது, ரஷ்யன் என்று எல்லாம் என் கையில் வந்து போயிற்று. அதில் நோர்வேக்காரர் மொழி மட்டும் எழுதிய ஆளோடும் சண்டையோடும் வந்தது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த அனுபவம் பழக்கமானதாகத்தான் இருக்கும்.

இரண்டு எழுத்தில் ‘நான்’

சிடியை நீட்டிய அம்மா யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினார். பெயர் கௌரி. சின்ன வயதில் அகதியாகப் போய் நோர்வேயின் மேற்குக் கரையில் வளர்ந்தவர். கணவருக்கு ஜெபல் அலியில் வேலை என்பதால் துபாய் வந்திருந்தார். அவர் எழுதிய கதைகள் புத்தகமாக வேண்டும். லீவில் ஒஸ்லோ போகும்போது அங்கே வெளியீடு.

“இது நோர்வே பாஷைதானே?” என்று கேட்டேன். எழுதுவதற்கு அங்கே இரண்டு முறை உண்டு என்றார். ஒன்று பட்டணத்து முறை. மற்றதற்குப் ‘புது நோர்வேஜியன்’ என்று பெயர். ஒரு காலத்தில் ஒருவர் ஊர் ஊராகப் போய், கிராமத்து ஆட்கள் பேசுவதைக் கேட்டு எழுதி, அதிலிருந்து உண்டாக்கியதாம். அதில் கவிதை, நாவல், நாடகம் எல்லாம் வந்தாயிற்றாம். தன் கதைகளும் அதில்தான் என்றார்.

“பேர்தான் புதுசு தம்பி, கதைக்கிறது பழைய சனம்.”

இன்னொரு சிடி

நான்காம் நாள் அவர் கணவர் ரமணன் வந்தார். ஒஸ்லோவில் வளர்ந்தவர். கையில் வேறொரு சிடி. “முதல் தந்ததை விடுங்கோ, இதைப் போடுங்கோ” என்றார். திறந்து பார்த்தேன். அதே கதைகள்தான், ஆனால் வரிக்கு வரி எழுத்து மாறியிருந்தது. பட்டணத்து முறைக்கு மாற்றியதாம். ‘நான்’ என்ற சொல்லுக்கு முன்பு இரண்டு எழுத்து, இப்போது மூன்று என்று அவரே காட்டினார். மேடத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். கிராமத்து முறையைப் பார்த்தால் ஒஸ்லோவில் நண்பர்கள் சிரிப்பார்கள், அவளுக்கு அது விளங்காது என்றார்.

கீழக்கரைக்கார முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கால்குலேட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“புருசன் பொண்டாட்டி பஞ்சாயத்து நமக்கு மாஃபி, வேணாம். கடைசியா வந்த சிடியைப் போடு, கலாஸ், முடிஞ்சுது.”

ப்ரூஃப்

அச்சுக்கு முன்னால் ப்ரூஃப் பார்க்க இருவருமே வந்தார்கள். கௌரி முதல் பக்கத்தைப் படித்தார், அடுத்ததைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஏசியைப் பார்த்தார்.

“நீங்களா மாத்தினது?”

“உனக்காகத்தான் கௌரி. நாட்டுப்புறம் எண்டு சொல்லுவினம்.”

கௌரி குரலை உயர்த்தவில்லை. கதைகள் எல்லாமே அவர் அம்மா வேலை செய்த மீன் ஃபேக்டரியைப் பற்றியவை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அம்மாவோட நிண்டு மீன் வெட்டின பெண்டுகள் இப்படிக் கதைக்கேல்ல. இதில கதைக்கிறது ஆரெண்டு எனக்கே தெரியேல்ல.”

வாசிப்பு

முதல் சிடியைப் போடச் சொல்லி, கௌரி என் கம்ப்யூட்டர் திரையிலிருந்தே ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். ஏதோ இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள் போலிருந்தது. குரல் மாறி மாறி வந்தது. ஓரிடத்தில் ரமணன் பக்கென்று சிரித்துவிட்டார். உடனே ப்ரூஃபை எடுத்து, தான் திருத்திய அதே இடத்தைத் தேடிப் படித்தார். சிரிப்பு வரவில்லை. மறுபடி படித்தார்.

ரமணன் ப்ரூஃபை மடித்து என் மேஜையில் வைத்தார்.

“பழசையே அடியுங்கோ தம்பி. நான் பகிடியையும் சேர்த்தெல்லோ திருத்திப் போட்டன்.”

இரண்டு பிழை

மறுநாள் பிளேட் போடும் நேரத்தில் ரமணன் மூச்சிரைக்க வந்தார். வம்பு மறுபடி ஆரம்பம் என்று நினைத்தேன். இரண்டே சொற்களைக் காட்டினார். கௌரிக்குப் போன் போட்டுக் கேட்டேன், மாற்றச் சொன்னார். ரமணன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“இது ரெண்டு முறையிலயும் பிழை!”

ஒரு வரிகூடப் புரியாமல் நான் கட்டிய புத்தகங்கள் எத்தனையோ. சண்டை மட்டும் முழுசாகப் புரிந்தது அந்த ஒன்றில்தான்.