நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டேன்

பர்மா எல்லையில் லாரி கவிழ்ந்து முழங்கால் நொறுங்கியதால், பட்டாளத்தில் என்னைப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் குணமானால் பென்ஷன் நின்றுவிடும். குணமாகிவிட்டதா என்று பார்க்கத்தான் இன்று விழுப்புரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

திண்டிவனத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து என் மனைவி அஞ்சலை ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். பல்வலியில் ஒரு கன்னம் பணியாரமாய் வீங்கியிருந்தும் வாய் ஓயவில்லை.

"டாக்டர் கேட்டா வலிக்குதுன்னு சொல்லுங்க. வேற எதுனா பேசிக்கினு நிக்காதீங்க."

பட்டாளத்து டாக்டர் தமிழர்தான். நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதும் சிரித்த முகத்தோடு, "எப்படிப்பா இருக்கே?" என்றார்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க."

டாக்டர் அதை அப்படியே எழுத ஆரம்பித்தார். வாசலில் நின்றிருந்த அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

"ஐயா, அத எழுதாதீங்க! யாரு கேட்டாலும் இவரு அப்படித்தான் சொல்லுவாரு. ராத்திரி பூரா வலியில மொனகிக்கினு கெடக்குறாருங்க!"

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, நீ எப்படிம்மா இருக்கே?"

வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே அஞ்சலை சொன்னாள்: "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, "முழங்காலைக் காட்டு" என்றார்.

பென்ஷன் பிழைத்தது. அது கிடக்கட்டும், நீங்களெல்லாம் எப்படி இருக்கிறீர்கள்? நிஜத்தைச் சொல்லுங்கள், நான் ஒன்றும் எழுதிக்கொள்ள மாட்டேன்.