மூன்று கன்வெர்ட்டரும் ஒரே லைனும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஃபேக்டரி வாசலிலிருந்து ஒரு லோரியைக் காலியாகத் திருப்பி அனுப்ப வைத்தேன். ஈப்போவில் எனக்கு இது முதல் வேலை. இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. துணிச்சலைப் பாருங்கள்!

லூமுட்டில் ஒருவருக்காகப் பவர் பெட்டி செய்கிறோம். உள்ளே ஒரு டிசி லைன். அதிலிருந்து எடுத்து, வேண்டிய வோல்ட்டேஜாக மாற்றிக் கொடுக்க மூன்று கன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம்.

நான்தான் சும்மா இருக்க மாட்டேனே! ஆபீஸ் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி, திரையிலேயே மூன்றையும் ஒரே லைனில் ஓட்டிப் பார்த்தேன். வோல்ட்டேஜ் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது... அடங்கவே இல்லை.

ஏன்? வோல்ட்டேஜ் குறைந்தால் சாதாரண பல்பு கரண்டையும் குறைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டர் அப்படியா? தான் கொடுப்பது குறையக் கூடாதென்று லைனிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். மூன்றும் இழுத்தால் லைன் என்ன செய்யும், பாவம்?

டெஸ்டிங் பார்க்கும் முனியாண்டி அண்ணனிடம் ஓடினேன்.

“எல்லாத்துலயும் பச்சை ஒட்டியாச்சு தங்கச்சி. லோரி வெளிய நிக்குது லா!”

“ஒரே ஒரு தடவை மூணையும் சேத்துப் போட்டுப் பாருங்கண்ணே.”

“ஒண்ணும் ஆகலன்னா? மேனேஜர் உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு. அப்புறம் கம்ப்யூட்டரா வந்து சோறு போடும்?”

“அனுப்பட்டும். போடுங்க.” வாய்தான் சொன்னது.

போட்டார். பெட்டி கீச்சென்று கத்தியது. மீட்டர் முள் நடுங்கியது — நிற்கவே இல்லை. அண்ணன் சட்டென்று ஸ்விட்சை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

என் வேலை தப்பியது. ஆனால் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் ஃபேக்டரி! அன்று எல்லோரும் பங்கோர் தீவுக்குச் சுற்றிப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். முதல்முறையாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்...

லைனில் வோல்ட்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய கபாசிட்டரைச் சேர்த்ததும் பெட்டி அடங்கிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. பேசவுமில்லை. “எப்படி முன்னாடியே தெரிஞ்சது?” என்று ஒருவராவது கேட்டிருந்தால், அங்கேயே தாளில் வரைந்து காட்டியிருப்பேன்.

தனித்தனியாகப் பார்த்தால் நாம் எல்லோருமே பாஸ்தான். சேர்ந்து ஓடும்போதுதானே விஷயம்?

பங்கோருக்கு வரும் ஞாயிறு போகிறார்களாம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கார்டு சொல்லித்தான் எனக்கே தெரியும்.