பஸ்ஸுக்கு அடியில் கிடந்த பொம்பளை

அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். எடுத்தவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. எதிரில் வந்தால் ஒன்றே ஒன்று கேட்பேன். பஸ்ஸுக்கு அடியில் கிடந்தாளே, அந்தப் பொம்பளை என்ன ஆனாள்?

அப்போது எனக்கு எட்டு வயது. விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். திருப்பூரில் வேலை பார்த்த மாமா கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தார். என்னையும் அண்ணனையும் படம் பார்க்கக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனார். ராட்சத மிருகம் ஊரை அழிக்கிற இங்கிலீஷ் படம், தமிழில் பேசும். வாசலில் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் மிருகம் திரையை விட்டு இறங்கி நம் மூஞ்சிக்கே வரும் என்றார் மாமா. பஸ்ஸில் வரும்போதும் வழி முழுக்க அதே பேச்சு.

எனக்கு ஒன்றும் வரவில்லை.

என் இடது கண் பிறவியிலேயே மங்கல். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று இருந்தேன். ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் அந்தக் கண்ணாடி வேலை செய்யுமாம். பெரியவளாகி மில் வேலைக்குப் போன இடத்தில் கண்ணைச் சோதித்த டாக்டர் சொன்னார். சின்னப் பிள்ளையில் காட்டியிருந்தால் சரியாக்கியிருக்கலாம் என்றும் சொன்னார்.

கொட்டகை முழுக்கக் கத்தினார்கள். அண்ணன் சீட்டுக்குக் கீழே போய்விட்டான்.

"குனி ஏட்டி! பல்லு வருது பாரு!" மாமா என் தலையை அமுக்கினார்.

"எங்க மாமா?"

"மூக்குக்கு முன்னால வந்து நிக்குது, எங்கன்னு கேக்கா!"

தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டினார். இதிலும் வரவில்லை என்றேன்.

"ஏலே, இவிய பெரிய மகராணி. நம்மள மாதிரி பயப்பட மாட்டாவளாம்" என்றார் அண்ணனிடம்.

பல் வராததால் நான் மற்றதைப் பார்த்தேன். ரோட்டில் ஒரு பஸ் கவிழ்ந்தது. அதற்கு அடியில் ஒரு பொம்பளை இடுப்பு வரைக்கும் மாட்டிக்கொண்டாள். வெளியே அவள் பிள்ளை, என் வயசுதான் இருக்கும். கையைப் பிடித்து இழுத்தது. நீ ஓடு என்றாள். பிள்ளை போகவில்லை. அந்நேரம் மிருகத்தின் வால் குறுக்கே வந்தது. படமும் வாலோடு போய்விட்டது. அவளிடம் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனை கட்டடம் விழுந்தது. ஒவ்வொரு செங்கலும் பறப்பதைக் காட்டினான். பிள்ளை அந்தக் கையை விட்டதா இல்லையா என்று காட்ட மட்டும் அவனுக்கு நேரமில்லை. எங்கள் ஊரில் கிணற்றில் ஆடு விழுந்தால்கூட, ஏறியதா செத்ததா என்று தெரியாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இங்கே விசில் அடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கதை என்னலே?" என்று கேட்டாள்.

அண்ணன் பல் என்றான். வால் என்றான்.

"அது சரி. கதை?"

அவன் மறுபடியும் வால் என்றான். நான் பொம்பளையைச் சொன்னேன். அம்மா கிள்ளுவதை நிறுத்தினாள்.

"பிறகு?"

"தெரியல யம்மா. காட்டல."

"அப்படி ஒரு பொம்பளையே படத்துல கிடையாது யக்கா" என்றார் மாமா. "பொய் சொல்லுதா. பல்லு வரலைன்னு சாதிச்சவதான இவ."

அண்ணனும் இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வாலைப் பார்த்த கண்ணில் பொம்பளை படவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கை வத்தலை அள்ளி அவன் மேல் எறிந்தேன். மாமா என் முதுகில் ஒன்று வைத்தார்.

அம்மா அவரைத் தடுத்தாள். "இரு. எல்லாருக்கும் வந்துச்சு, இவளுக்கு மட்டும் வரலையா?" என் தாடையைத் தொட வந்தவள் கையை இழுத்துக்கொண்டாள். கையெல்லாம் வத்தல் காந்தல். "இங்கனயே நில்லு. கையக் கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனாள். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினாள்.

அதற்குள் மாமா என் காதுப்பக்கம் குனிந்தார். "பல்லு வந்துச்சுன்னு ஒத்துக்கிடு. ஒன் பொம்பளைய நானும் பாத்தேன்னு சொல்லுதேன்."

அம்மா ஈரக் கையோடு வந்தாள். என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தப் போனாள்.

"வந்துச்சு யம்மா" என்றேன். "பல்லு மூக்குக்கிட்ட வந்துச்சு. சும்மா சொன்னேன்."

அம்மா கையை எடுத்துவிட்டாள். "கழுத, ஒரு நிமிசம் பதற வச்சிட்டியே."

நான் மாமாவைப் பார்த்தேன். "பொம்பளையச் சொல்லுங்க மாமா."

"எந்தப் பொம்பளை?" என்று சிரித்தார்.

அம்மா மறுபடியும் வத்தலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவள் எதற்காக வந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பொம்பளையைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கேட்காமல் உட்கார்ந்துவிட்டாளே என்று அன்று முழுக்க அவளிடம் நான் பேசவில்லை.